நாலாவது படி

முதல் லாரி ஐந்து மணிக்கு வரும். வானம் அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருக்கும், ஆனால் அதை அண்ணாந்து பார்க்க எங்களுக்கு நேரம் இருக்காது. லாரியின் பின்கதவு திறந்ததும் முதலில் இறங்குவது வாடை. மருந்தும் மூத்திரமும் ரத்தமும் வாந்தியும் சேர்ந்து ஒரு ராத்திரி முழுக்க ஊறிய வாடை. அதற்குப் பின்னால் மூட்டைகள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி. மஞ்சள் பையில் வந்தால் அது தொற்று வார்டுத் துணி. அந்த வருஷம் எல்லாப் பையும் மஞ்சளாகவே வந்தது.

ஈர மூட்டை ஒன்று முப்பது கிலோவுக்குக் குறையாது. அதை முதுகில் வாங்கி, பத்தடி நடந்து, மேசையில் போட்டு, முடிச்சவிழ்த்து, உதறி, கையால் துழாவிப் பார்க்க வேண்டும். துழாவாமல் மெஷினில் போட்டால் உள்ளே கிடக்கிற ஊசி டிரம்மைக் கீறிவிடும். ஊசி எங்கள் கையைக் கீறலாம், டிரம்மைக் கீறக்கூடாது, அதுதான் ஆலையின் சட்டம். மூட்டைக்குள் பல்செட் கிடைக்கும், மூக்குக்கண்ணாடி கிடைக்கும், சீப்பு கிடைக்கும். ஒருநாள் ஒரு மூட்டைக்குள்ளிருந்து போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். திரையில் ‘வீடு’ என்று இருந்தது. அடித்து ஓயும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அப்புறம் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டு அடுத்த முடிச்சை அவிழ்த்தேன்.

எங்கள் சலவை ஆலையைக் குறுக்கே ஒரு சுவர் இரண்டாகப் பிரிக்கிறது. சுவருக்குள் ஆறு மெஷின்கள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. அழுக்குத் துணியை இந்தப் பக்கக் கதவு வழியாக நாங்கள் திணிப்போம், வெந்து அலசிய துணியை அந்தப் பக்கக் கதவு வழியாக அவர்கள் எடுப்பார்கள். டிரம் காலியாக இருக்கும்போது கதவிலுள்ள வட்டக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். அங்கே ஜன்னல் உண்டு, மின்விசிறி உண்டு, துணி மடிக்கிற மேசைக்கு முன்னால் நாற்காலிகள் உண்டு. அந்த நாற்காலி ஒன்றில் பச்சை அங்கி போட்டுக்கொண்டு என் சகலை உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் மனைவியின் அக்கா புருஷன் அவர். மாமியாருடைய வீட்டிலேயே இரண்டு பகுதிகளில் குடியிருக்கிறோம், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர் தும்மினால் என் மனைவி இந்தப் பக்கமிருந்து “பாவம்” என்பாள். நான் தும்மினால் “அந்தப் பக்கம் திரும்பித் தும்முங்க” என்பாள். பதினோரு வருஷமாக நாங்கள் இருவரும் அழுக்குப் பக்கத்தில் ஒரே மேசையில் நின்றவர்கள். அவர் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாது, கூடவே சர்க்கரை நோயும் உண்டு. அதை அவர் யாரிடமும் ஒளித்ததில்லை. சட்டைப்பையில் ஒரு பக்கம் மாத்திரைப் பட்டை, இன்னொரு பக்கம் காகிதத்தில் மடித்த ஒரு பிடி சர்க்கரை. “நடமாடும் மருந்துக்கடை வந்தாச்சு” என்று நான் தினமும் கிண்டல் செய்வேன், அவரும் சிரிப்பார். மாமியார் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து நான்தான் இரும்பு மாப்பிள்ளை. எதைத் தூக்கவும் இறக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

தொற்று பரவத் தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். இதயம், நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரை என்று உடம்பில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களை இந்த வைரஸ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் அவர்கள் தொற்றுத் துணியைத் தொடக்கூடாது என்றார்கள். முதலாளி கதவில் அறிவிப்பு ஒட்டினார். டாக்டர் சீட்டு கொண்டுவருபவர்களுக்குச் சுத்தப் பக்கத்தில் மடிப்பு வேலை, அடையாளத்துக்குப் பச்சை அங்கி. முப்பத்தோரு பேரில் ஒன்பது பேர் சீட்டு கொண்டுவந்தார்கள். சகலை ஒரு தடித்த கோப்பையே எடுத்துக்கொண்டு போனார்.

நான் எதையும் கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருக்க வேண்டியவன்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆலை முற்றத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், மெஷினை இரண்டு தரம் தட்டிவிட்டு மறுபடியும் குத்தினாள். எனக்கும் சர்க்கரை. அதற்கு முந்தின மாதம்தான் வலிப்பு வந்தது என்பதற்காக பாய்லர் அறையில் இருந்த ஒருவரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தக் கையோடு எங்கள் எல்லோரிடமும் ஒரு படிவத்தை நீட்டினார்கள்: ‘எனக்கு எந்த நோயும் இல்லை.’ நான் நர்ஸ் கொடுத்த சீட்டைக் கிழித்து வாய்க்காலில் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து என் மாத்திரைகள் வீட்டில் ஒரு பழைய டார்ச் லைட்டுக்குள், பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. “இந்த டார்ச்சைத் தூக்கிப் போட்டாத்தான் என்ன” என்று என் மனைவி கேட்காத மாதம் இல்லை.

ஆக, நோயை ஒளித்துவைத்தவன் நான், நோயைச் சொன்னவர் மேல் பொறாமைப்படுகிறவனும் நான். வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவனைப் போல ஒரு முட்டாள் உண்டா என்று கேட்டிருப்பேன். இப்போது உண்மையைச் சொன்னாலும் பொய்க் கையெழுத்துப் போட்டாய் என்று வெளியே தள்ளுவார்கள். அதைவிட, மாமியார் வீட்டில் இரும்பு துருப்பிடித்தது தெரிந்துவிடும்.

அழுக்குப் பக்கத்தில் நாங்கள் அந்த ஒன்பது பேருக்கும் ‘பச்சை மாப்பிள்ளைகள்’ என்று பெயர் வைத்திருந்தோம். வைத்தது நான்தான். டிரம் காலியாகும்போதெல்லாம் குனிந்து பார்ப்பேன். சகலை துணியின் நுனியைப் பிடித்து, நீவி, நாலாக மடித்து, மேலே உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு என் கன்னத்தில் விழுவது போல இருக்கும். சிலநேரம் என்னைப் பார்த்துவிட்டால் கையை உயர்த்துவார். நான் பார்க்காதது போல நிமிர்ந்துகொள்வேன். வீட்டிலும் விடவில்லை. தெருவே கதவடைத்துக் கிடந்த அந்த நாட்களில் மாமியார் எங்கிருந்தோ முட்டை தேடி வாங்கி அவருக்கு அவித்துக் கொடுப்பாள். “நோஞ்சான் உடம்பு, தாங்கணுமே” என்பாள். மஞ்சள் மூட்டையை நாள் முழுக்கக் கட்டிப்பிடித்துவிட்டு வந்தவன் இந்தப் பக்கம் ஓடுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் கை கழுவுகிற குழாயடியில் சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“உன் சகலைக்கு நெஜமாவே நெஞ்சுல கோளாறா?”

“சீட்டுல அப்படித்தானே இருக்கு.”

“சீட்டு கிடக்கட்டும். கூடவே குடியிருக்கிறவன் நீ. நீ பார்த்ததைச் சொல்லு.”

அப்போது என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது.

“போன மாசம் மாமியாரோட இரும்பு பீரோவ மாடிக்கு ஏத்தினாரு” என்றேன்.

அதில் பொய் இல்லை. பீரோவின் கீழ்ப்பக்கத்தை நானும் மேல்பக்கத்தை அவரும் பிடித்துத்தான் படியேறினோம். நாலாவது படியில் அவர் உதடு கறுத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். மிச்சம் பதினாலு படிக்கும் அதை நானும் எதிர்வீட்டுக்காரரும்தான் ஏற்றினோம். அவர் அரைமணி நேரம் அந்தப் படியிலேயே சாய்ந்து கிடந்தார், அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். இந்த மிச்சத்தை நான் சொல்லவில்லை. சூப்பர்வைசர் கேட்கவும் இல்லை. ஈரக் கையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை எங்களை முற்றத்தில் நிற்கவைத்தார்கள். முதலாளி மாடி வராந்தாவில் நின்றார். முற்றத்திலிருந்து அவர் அறைக்கு வெளிப்புறமாக ஒரு இரும்புப் படிக்கட்டு போகிறது. தொற்று வந்த நாளிலிருந்து அவர் அந்தப் படிக்கட்டில் கீழே இறங்கியதே இல்லை, பின்வாசல் வழியாகக் காரில் வந்து பின்வாசல் வழியாகவே போவார். முகத்தில் இரண்டு முகக்கவசம், அதற்கு மேல் பிளாஸ்டிக் திரை.

“மூட்டை மூணு மடங்கு ஆயிடுச்சு. அழுக்குப் பக்கம் ஆள் பத்தல. ஒன்பது பேர் காத்தாட உட்கார்ந்து மடிக்கிறதுக்கு இதென்ன சத்திரமா? அஞ்சு பேர் இன்னிலேர்ந்து அந்தப் பக்கம் போகணும்.”

ஐந்து பெயர்களை வாசித்தார்கள். சகலை மூன்றாவது.

“டாக்டர் சீட்டு கொடுத்திருக்கேன் சார்” என்றார் சகலை.

“சீட்டு யாருக்கு வேணும்னாலும் கிடைக்கும். பீரோவ மாடிக்குத் தூக்குற நெஞ்சு போர்வையத் தூக்காதா?”

 சகலை தலையை மெதுவாகத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“முடியாதுன்னா வீட்டுல இருங்க. நோய் ஓயட்டும், பார்க்கலாம். சம்பளம் கேட்காதீங்க. இன்னொண்ணு, கவச அங்கி விலை எங்கயோ போயிடுச்சு. இனிமே ஒரு ஷிஃப்டுக்கு ஆளுக்கு ஒண்ணுதான்.”

ஒன்றுதான் என்பதன் அர்த்தம் எங்களுக்கு உடனே விளங்கியது. அந்த அங்கியைக் கழற்றினால் திரும்பப் போட முடியாது, அது அழுக்கு. முன்பெல்லாம் எட்டு மணிக்குக் கழற்றி எறிந்துவிட்டு ரொட்டி தின்போம், தண்ணீர் குடிப்போம், ஒதுங்குவோம், அப்புறம் புதிதாக ஒன்று மாட்டுவோம். இனி ஐந்து மணிக்கு மாட்டினால் பன்னிரண்டு வரை சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை.

சகலை என் மேசைக்கே வந்தார். பச்சை அங்கியைக் கழற்றி மடித்து, பழக்கதோஷத்தில் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓரமாக வைத்தார். வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றார், கயிறு கட்டுவதற்காக. பதினோரு வருஷமாக ஒருவருக்கொருவர் அப்படித்தான் கட்டிவிடுவோம். நான் கட்டினேன்.

“பீரோ கதைய முழுசாச் சொல்லியிருக்கலாம் சகலை” என்றார், திரும்பாமலே.

நான் முடிச்சை இறுக்கினேன்.

“நாலாவது படி வரைக்கும் சொல்லி நிறுத்திட்டீங்க போல.”

அவ்வளவுதான். திட்டவில்லை, வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். வெட்கமாக இருந்தது. அதே சமயம், இவ்வளவு பொறுமை இந்த மனுஷனுக்கு எங்கிருந்து வருகிறது என்று அதன் மேலும் பொறாமையாக இருந்தது. கனமான மூட்டைகளை அவருக்கு முன்னால் முந்திக்கொண்டு நான் எடுத்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. எடுத்தவரைக்கும் எடுத்தார், மூச்சு முட்டும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகக்கவசம் உள்ளுக்கும் வெளிக்குமாக இழுத்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல் டார்ச்சைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அன்று வீட்டில் ரொட்டி கிடைக்கவில்லை. வெறும் டீதான். ஐந்து மணிக்கு அங்கியை மாட்டினேன். எட்டு மணிக்குக் கை லேசாக நடுங்கியது. ஒன்பது மணிக்கு அங்கிக்குள் வியர்வை சில்லென்று ஓடியது. வெந்நீர் ஆவியில் நிற்கிறவனுக்கு எதற்குச் சில்லென்று வியர்க்க வேண்டும்? பத்து மணி வாக்கில் முடிச்சு ஒன்றை அவிழ்க்கப் போனேன், விரல் எங்கே என்று தெரியவில்லை. மெஷினின் வட்டக் கண்ணாடி இரண்டாகத் தெரிந்தது, மூன்றாகத் தெரிந்தது. மூட்டையோடு சேர்ந்து நானும் சரிந்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது நாக்கில் இனிப்பு. சர்க்கரை கரைந்து தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முற்றத்து வெயிலில் கிடந்தேன். என் முகக்கவசத்தை விலக்கி, தன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கையால் என் வாய்க்குள் சர்க்கரையை வைத்துக்கொண்டிருந்தார் சகலை. என் வாய்க்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. யாரிடமிருந்து யாருக்கு நோய் தொற்றும் என்று தெரியாத காலத்தில், அந்த இதயத்தை வைத்துக்கொண்டு, அப்படிக் குனிந்திருந்தார்.

“மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம வந்தீங்களா?”

“எந்த மாத்திரை?” என்றேன். அந்த நிலைமையிலும் பொய்தான் முதலில் வந்தது.

“டார்ச்சுல இருக்குறது.”

நான் கண்ணை நன்றாகத் திறந்தேன்.

“கேம்ப்ல உங்களுக்கு அடுத்து நின்னது நான்தானே. நர்ஸ் ரெண்டு தரம் குத்தினதப் பார்த்தேன். அப்புறம் ஒருநாள் கரண்ட் போச்சுன்னு உங்க டார்ச்ச எடுத்தேன், எரியல. கழட்டிப் பார்த்தா மருந்துக்கடை.”

“ரெண்டு வருஷமாத் தெரியுமா?”

“ம்.”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“உங்க உடம்பு. நீங்கதானே சொல்லணும்” என்றார். இன்னும் கொஞ்சம் சர்க்கரையை உள்ளங்கையில் கொட்டி நீட்டினார். “நக்குங்க. வீம்பு அப்புறம்.”

பொறாமைப்பட எனக்கு அதற்கு மேல் தெம்பில்லை. அழுதேன். என் ரகசியத்தை இரண்டு வருஷம் சுமந்த மனுஷனின் நோயை நான் ஒரு குழாயடியில் இரண்டு நிமிஷத்தில் விற்றிருக்கிறேன்.

அதற்குள் எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்துப் பச்சை அங்கிகளும் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். ஆறு மெஷினும் நின்று, ஆலை இத்தனை அமைதியாக இருக்க முடியும் என்பதே அன்றுதான் தெரிந்தது. முடிச்சக்கா என் கால்மாட்டில் உட்கார்ந்தாள். எந்த ஈர முடிச்சையும் ஒரே இழுப்பில் அவிழ்த்துவிடுவாள், அதனால் அந்தப் பெயர்.

“உனக்குமா?” என்றாள். “நானும் ஒளிச்சுத்தான் வெச்சிருக்கேன். இந்த பிளீச்சிங் பவுடரக் கரைச்சுக் கரைச்சு எட்டு வருஷமா இழுப்பு. ஊதுற மருந்த ரவிக்கைக்குள்ள சொருகியிருக்கேன்.”

எடுத்துக் காட்டினாள். பின்னாலிருந்து ஒருவர், தனக்கு ஒரு சிறுநீரகம்தான் என்றார். இன்னொருத்தி ரத்தக்கொதிப்பு என்றாள். லாரியில் ஏற்றி இறக்கும் பெரியவர் தன் காசநோய்ச் சீட்டை முகக்கவசத்தின் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். ஒவ்வொருவராக ஒளித்துவைத்த இடத்திலிருந்து எடுத்தார்கள். இத்தனை நாளாக நான்தான் தனியாக ஒரு திருட்டைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என்னையும் சேர்த்து ஆறு பேர் அதையே செய்துகொண்டிருந்தோம்.

மாடி வராந்தாவில் முதலாளி வந்து நின்றார்.

“மெஷின் ஏன் நிக்குது? ஆஸ்பத்திரியில விரிப்பு இல்லாம நோயாளிங்க கிடக்கறாங்க, தெரியுமா?”

“காய்ஞ்ச துணி எல்லாத்தையும் லாரியில ஏத்திட்டோம் சார்” என்றாள் முடிச்சக்கா. “படுத்திருக்கறவங்க மேல எங்களுக்கு என்ன கோபம்? மஞ்ச மூட்டையத்தான் தொடல.”

“ஒருத்தன் மயங்கி விழுந்தா ஆலைய மூடணுமா? அவனுக்கு ஒரு நோயும் இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கான்.”

இங்கேதான் நான் எழுந்தேன். கால் இன்னும் தள்ளாடியது, சகலை முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது பொய்க் கையெழுத்து சார். எனக்கு ரெண்டு வருஷமா சர்க்கரை. சொன்னா துரத்துவீங்கன்னு ஒளிச்சேன்.” மூச்சை இழுத்துக்கொண்டேன். அடுத்ததைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. “பீரோ கதையச் சொன்னதும் நான்தான். அதுவும் பாதிதான் சொன்னேன். நாலாவது படியில இவரு உதடு கறுத்து உட்கார்ந்துட்டாரு. மிச்சப் படியெல்லாம் வேற ஆளுதான் தூக்கினாங்க. இவரு உட்கார்ந்து வேலை செய்யறதப் பார்த்து வயித்தெரிச்சல். அதான் சொல்லாம விட்டேன்.”

 சிலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. சகலை என் முழங்கையை விடவில்லை.

“நல்ல குடும்பம்” என்றார் முதலாளி. “ஆக மொத்தம் பாதிப் பேரு நோயாளி. நோயாளிங்கள வெச்சு நான் எப்படி ஆலை நடத்தறது? எனக்கே பிரஷர் இருக்கு, டாக்டர் கீழ இறங்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நானே அதையும் வெச்சுக்கிட்டு ஓடிட்டிருக்கேன்.”

“உங்க பிரஷருக்கு யாரு சார் சீட்டு கேட்டாங்க?” என்றாள் முடிச்சக்கா.

 பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் முதலாளியின் முகம் எப்படி இருந்தது என்பது கீழிருந்து தெரியவில்லை.

அப்போது, நாங்கள் ‘ஜிம்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்த பையன் முன்னால் வந்தான். ஆலையிலேயே எந்தக் கோளாறும் இல்லாத உடம்பு அவனுடையது. விடுமுறை நாளில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு உடற்பயிற்சி செய்கிறவன். அவனுக்குப் பச்சை அங்கிகள் மேல் என்னைவிட அதிக எரிச்சல் என்று நினைத்திருந்தேன்.

“சார், அழுக்குப் பக்கத்த நாங்க பார்த்துக்கறோம். கோளாறு இல்லாதவங்க பதினாறு பேர் இருக்கோம். ஆனா நாலு மணி நேரத்துக்கு ஒரு குரூப்பு, ஆளுக்கு ரெண்டு அங்கி, நல்ல மாஸ்க். நடுவுல சாப்பிட விடணும். நோய் உள்ளவங்க எல்லாரும் அந்தப் பக்கம், முழுச் சம்பளம். ஒளிச்சவங்களையும் சேர்த்து. அவங்க மடிப்பாங்க, இஸ்திரியும் அவங்களே பார்ப்பாங்க. ஒருத்தரையும் வெளிய அனுப்பக்கூடாது.”

“இல்லன்னா?”

“இல்லன்னா மூட்டை அப்படியே இருக்கும்.”

“நான் வேற ஆலைக்கு அனுப்பிடுவேன்.”

“அனுப்புங்க சார்” என்றார் சகலை. அவர் குரலை உயர்த்தியதை நான் கேட்டதில்லை, அப்போதும் உயர்த்தவில்லை. “அங்கயும் எங்கள மாதிரி உடம்புதான் தூக்கணும்.”

முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முடிச்சக்கா ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். எங்கள் கோரிக்கையை மேலே எழுதி, கீழே ஆளாளுக்குத் தங்கள் நோயையும் எழுதிக் கையெழுத்துப் போடுவது என்று முடிவாகியிருந்தது. யார் முதலில் என்பதில் கொஞ்சம் தயக்கம். ஒருமுறை எழுதிவிட்டால் அப்புறம் மறைக்க முடியாது. நான் பேனாவை வாங்கினேன். ‘எனக்கு எந்த நோயும் இல்லை’ என்று போட்ட அதே கையெழுத்தை ‘சர்க்கரை’ என்ற சொல்லுக்கு எதிரே போட்டேன். சகலை வாங்கித் தன் வரியை எழுதினார். அவருக்கு இரண்டு நோய். எனக்கு ஒன்றுதான்.

“இதுலயும் நீங்கதான் முன்னாடி” என்றேன்.

“பிரஷர் பார்த்திருக்கீங்களா?”

“இல்ல.”

“பாருங்க. எட்டிப் பிடிச்சாலும் பிடிச்சிடுவீங்க.”

நோய் இல்லாத பதினாறு பேரும் கீழே தனியாகக் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். லாரி டிரைவர் சுத்தத் துணியோடு கிளம்ப வேண்டியவர், இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி வந்தார். தாளைத் தன் போனில் படம் பிடித்தார்.

“வார்டு துடைக்கறவங்களுக்கும் ஒரே ஒரு அங்கிதான்” என்றார். “காட்டறேன். என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்.”

அவர் போன சிறிது நேரத்தில் சூப்பர்வைசர் படிக்கட்டின் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“பேசணுமாம். ரெண்டு பேர் மட்டும் மேல வரச் சொல்றாரு.”

இரண்டு பேர் மட்டும் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு குழாயடியில் ஒரே ஒரு ஆளாக நின்று பேசியவன் நான். தாளை மடித்து சகலையிடம் கொடுத்தேன். முப்பத்தோரு பேரும் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, ஆளுக்கொரு படி இடைவெளி விட்டு, அந்த இரும்புப் படிக்கட்டில் வரிசையாக ஏறத் தொடங்கினோம். முன்னால் முடிச்சக்கா, அவளுக்குப் பின்னால் ஜிம், அப்புறம் சகலை, அவர் பின்னால் நான்.

நாலாவது படியில் சகலை நின்றார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டார், தோள் ஏறி இறங்கியது. நானும் நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். ஜிம் திரும்பிப் பார்த்துவிட்டு நின்றான், முடிச்சக்காவும் நின்றாள். மேலே கதவு திறந்தது, முதலாளி வாசலில் வந்து நின்று எங்களைப் பார்த்தார். யாரும் அவசரப்படவில்லை.

சகலை மூச்சு வாங்கி முடிக்கும்வரை எல்லோரும் அப்படியே நின்றோம். பிறகு ஐந்தாவது படியில் கால் வைத்தோம்.